முட்டி எப்ப வீங்குச்சு?

"நடக்குறான்ல, அப்புறம் என்ன?" முழங்காலில் அடிபட்ட யாரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் அது கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். வண்டியோடு சாய்ந்த சித்தப்பா, களத்துமேட்டில் வழுக்கிய பெரியம்மா, கபடியில் விழுந்த பையன், எல்லோருக்கும் அளவுகோல் ஒன்றுதான். காலை ஊன்றி நாலடி வைத்துவிட்டால் தைலம் போதும். ஊன்றவே முடியவில்லை என்றால் எலும்பு போயிருக்கும், வண்டியைக் கூப்பிடு. என் அக்கா மகனுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு இந்த அளவுகோல் என்னை விடாமல் உறுத்துகிறது. அது முழுப் பொய் கிடையாது. எலும்பைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழங்காலுக்குள் எலும்பு மட்டுமா இருக்கிறது?

பையன் கபடியில் ரைடர், எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருபவன். பள்ளிக்கூட நாளிலிருந்தே பாடிப் போவதில் கெட்டிக்காரன், மாவட்ட அணி வரைக்கும் போனவன். பொங்கலை ஒட்டி ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடந்த போட்டி ஒன்றில் பாடிப் போய், மூலையில் நின்றவனை ஏமாற்றிவிட்டு, கோட்டுக்குத் திரும்புவதற்காக வலது காலை ஊன்றி உடம்பைத் திருப்பியிருக்கிறான். அந்த நேரம் அவனை யாரும் பிடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. முட்டிக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். மூலையில் நின்ற எதிரணிப் பையனுக்கே அது கேட்டதாம். அப்படியே உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு போய் ஓரமாக உட்கார வைத்து ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். யார் மேலும் மோதாமல் விழுந்தவனுக்குப் பெரிதாக என்ன ஆகியிருக்கும் என்று கூட இருந்தவர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும், ஏ.சி.எல். எனப்படும் முன் ஜவ்வு அறுவது பெரும்பாலும் இப்படித்தான். ஓடிவந்த வேகத்தை அடக்கித் திரும்பும்போது, தாவி ஒற்றைக் காலில் இறங்கும்போது. பாதம் மண்ணில் பதிந்து நிற்க, மேலே உடம்பு வேறு பக்கம் திரும்ப, நடுவில் இருக்கும் முட்டிதான் அந்த முறுக்கு முழுவதையும் வாங்குகிறது.

கடைசி மேட்ச் முடிந்து பரிசு கொடுப்பதற்குள் முட்டி வீங்கி, முன்னால் இருக்கும் முட்டிச் சில்லு எங்கே என்றே தெரியவில்லை. மறுநாள் காலையில் ஊரில் கட்டு போடும் பெரியவரிடம் கூட்டிப்போனார்கள். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கையில் பிசகு, விரலில் பிசகு என்று எத்தனையோ பேருக்குக் காசு வாங்காமல் பார்த்தவர். எண்ணெய் விட்டு உருவி, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். இடையில் டவுனில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். "எலும்புல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீக்கம் வடிந்தது. மாசியில் தாங்கித் தாங்கி நடந்தான், பங்குனியில் நேராக நடந்தான். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சித்திரையில் மறுபடி களத்தில் இறங்கினான். நேராக ஓடினால் ஒன்றும் தெரியவில்லை. சட்டென்று திரும்பினால் முட்டி விட்டுவிடும். ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மடங்கியிருக்கிறது. அதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நான் கவனித்தேன். மாடியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான், இருபது வயசு தாண்டாத ஒரு பையன். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா. வலியெல்லாம் இல்ல. முட்டி மேல நம்பிக்கை வரமாட்டேங்குது" என்றான். வலிதான் ஆபத்தின் அடையாளம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு வலியே இல்லை. அக்காவிடம் பேசினேன். அக்காவுக்குத் தயக்கம்தான். "நல்லா நடக்குறான், எதுக்குடா ஆஸ்பத்திரி" என்றாள். அப்புறம் சரி என்றாள். தஞ்சாவூரில் ஓர் எலும்பு மூட்டு மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி

எக்ஸ்ரே கவரை நீட்டினேன். வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, அவனைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அடிபட்டு எவ்வளவு நேரத்துல முட்டி வீங்குச்சு?"

"அன்னைக்கு ராத்திரியே சார். மேட்ச் முடியறதுக்குள்ள."

"சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"பட்டுனு கேட்டுச்சு சார்."

"அதுக்கப்புறம் எழுந்து விளையாட முடிஞ்சுதா?"

"இல்ல சார்."

"இப்ப திரும்பும்போது விட்டுடுதா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஆமா சார். அடிக்கடி."

அவ்வளவுதான். அவனைத் தொடுவதற்கு முன்பே மருத்துவருக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. கேட்ட கேள்விகளில் எதற்கும் பதில் சொல்லப் படிப்பு தேவையில்லை, கருவி தேவையில்லை. அன்று ராத்திரி களத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் இந்தப் பதில்கள் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் அந்தக் கேள்விகளை யாருமே கேட்கவில்லை. நான் இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

வீக்கம் வந்த நேரத்துக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்டேன். பொறுமையாகவே சொன்னார். முன் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஜவ்வு அறுந்தால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும். மூட்டு என்பது வாய் கட்டிய பை. ரத்தம் வெளியே போக வழியில்லாததால் ஓரிரு மணி நேரத்தில் முட்டி திம்மென்று வீங்கி இறுகிவிடும். மூட்டுக்குள் எலும்பு முறிந்தாலும், சில்லு விலகினாலும் இதே வேகம்தான். மெனிஸ்கஸ் கிழிந்தால் கதை வேறு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இருக்கும் குருத்தெலும்பு அது. அதன் வெளி ஓரத்தைத் தவிர உள்பகுதிக்கு ரத்த ஓட்டம் கிடையாது என்றே சொல்லலாம். அங்கே கிழிந்தால் ரத்தம் வராது. மூட்டு எரிச்சலடைந்து நீர் சுரக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். ராத்திரி சும்மா இருந்த முட்டி காலையில் கனத்துக் கிடக்கும். அதனால் அடிபட்ட சில மணி நேரத்திலேயே வீங்கிய முட்டியை வேறு எந்தக் காரணமும் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். நடக்க முடிந்தாலும் சரி, வலி குறைந்துவிட்டாலும் சரி. இதற்கு ஒரு விலக்கும் சொன்னார். மூட்டின் உறையே கிழிந்துபோகும் அளவு பெரிய அடியாக இருந்தால் ரத்தம் சதைக்குள் இறங்கிவிடும், முட்டியில் வீக்கம் குறைவாகத்தான் தெரியும். வீக்கம் வந்தால் அர்த்தம் உண்டு. வரவில்லை என்பதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

பிறகு அவனைப் படுக்கச் சொல்லி, முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். முதலில் நல்ல காலில். அதில் கொஞ்சம் நகர்ந்ததும் உள்ளே ஏதோ இழுத்துப் பிடித்து நிறுத்தியது. அடிபட்ட காலில் அந்த நிறுத்தம் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கே எலும்பு முன்னால் வருவது தெரிந்தது. லாக்மன் பரிசோதனை என்று இதற்குப் பெயர். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் லாக்மன் செய்து காட்டிய முறையை அவரிடம் பயின்ற ஜோசப் டார்க் 1976-ல் எழுதி வெளியிட்டார். செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் கைப்பழக்கம் வேண்டும். வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது ஏ.சி.எல். முழுதாக அறுந்திருந்தது உறுதியானது, கூடவே உள்பக்க மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. மெனிஸ்கஸ் பொங்கல் ராத்திரியே கிழிந்ததா, அதற்குப் பிறகு முட்டி விட்டுவிட்ட தடவைகளில் கிழிந்ததா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஜவ்வு இல்லாத முட்டி திரும்பத் திரும்ப மடங்கும்போது மெனிஸ்கஸும் எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பும் அடிவாங்கும், நாற்பது வயசுக்கு முன்பே தேய்மானம் வந்து நிற்கலாம் என்பதை மட்டும் சொன்னார். அக்கா போனில் கேட்டபோது இந்தக் கடைசிப் பகுதியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாலடிக் கணக்கு

அதற்குப் பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தபோது ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. எங்கள் ஊர் சொல்லும் அதே நாலடி, மருத்துவத்திலும் இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் அவர் குழுவினரும் 1990-களில் முழங்கால் அடிக்கு ஒரு விதி வகுத்தார்கள். அடிபட்டு வரும் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்று அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. யாருக்கு எக்ஸ்ரே அவசியம் என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் நோக்கம். அடிபட்டவருக்கு 55 வயதோ அதற்கு மேலோ இருந்தால், முட்டியில் வேறெங்கும் இல்லாமல் சில்லை அழுத்தினால் மட்டும் வலித்தால், முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையை அழுத்தினால் வலித்தால், முட்டியை 90 டிகிரிக்கு மடக்க முடியாவிட்டால், அடிபட்ட உடனேயும் மருத்துவமனைக்கு வந்த பிறகும் நாலடி வைக்க முடியாவிட்டால், இவற்றில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டி நடந்தாலும் அது நடந்ததாகத்தான் கணக்கு.

ஆக, 'நாலடி வைக்கிறானா' என்று பார்த்த நம் ஆட்கள் நல்லதொரு கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியின் எல்லையைத் தாண்டி அதன் பதிலை நம்பியதில்தான் சிக்கல். எலும்பு முறிந்திருக்கிறதா என்பதற்கு மட்டும் அது விடை சொல்லும். ஜவ்வு, மெனிஸ்கஸ், தசை எலும்போடு சேரும் நாண், பின்னால் ஓடும் ரத்தக் குழாய், எதைப் பற்றியும் அது வாயே திறக்காது. எக்ஸ்ரேயும் அப்படித்தான். எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. "எலும்புல ஒண்ணும் இல்ல" என்று மருத்துவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். அதை "முட்டியில ஒண்ணும் இல்ல" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். அடிபட்ட அன்று வீக்கமும் வலியும் இருக்கும்போது கைவைத்துப் பார்த்தாலும் சரியாகத் தெரியாது, பயத்தில் தொடைச் சதை இறுகிக்கொள்ளும். அதனால் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் ஒரு வாரம் பத்து நாளில் வீக்கம் வடிந்ததும் மறுபடி ஒருமுறை காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் விட்டுப்போனது இந்த இரண்டாவது முறைதான். வரச் சொல்லி அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை.

வீக்கத்துக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது பூட்டு. முட்டி ஒரு கோணத்தில் சிக்கிக்கொண்டு, எவ்வளவு முயன்றாலும் நேராக நீட்ட முடியாமல் நிற்கும். கிழிந்த மெனிஸ்கஸின் துண்டு மடிந்து மூட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்வதால் பல நேரம் இப்படி ஆகும். வலியால் நீட்டப் பயப்படுவது வேறு, ஏதோ தடுப்பது வேறு. அனுபவிப்பவருக்கு வித்தியாசம் தெரியும், கேட்டால் சொல்வார்கள். இப்படிப் பூட்டிய காலை ஆள் வைத்து அழுத்தி நீட்டவே கூடாது. சீக்கிரம் போனால் சில கிழிசல்களைத் தைத்துக் காப்பாற்ற முடியும். நாளாகி நைந்துபோனால் வெட்டி எடுக்க வேண்டிவரும்.

இன்னொன்று, படுத்த நிலையில் காலை நேராக நீட்டியபடி தூக்க முடிகிறதா என்பது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மழையில் படியில் சறுக்கி, முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். கைத்தாங்கலாக நடந்தார், அதனால் யாருக்கும் கவலை இல்லை. ஆனால் காலைத் தூக்கச் சொன்னால் குதிகால் பாயை விட்டு எழும்பவில்லை. வயசாச்சு, தெம்பு இல்லை என்று விட்டிருந்தார்கள். சில்லுக்கு மேலே விரல் வைத்தால் பள்ளமாக இருந்ததைப் பார்த்தது வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பையன்தான். தொடைத் தசையைச் சில்லோடு இணைக்கும் நாண் அறுந்திருந்தது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தடுக்கி விழும்போது இது நடக்கிறது. ஓரிரு வாரத்துக்குள் தைத்தால் நன்றாகச் சேரும். தள்ளிப்போட்டால் நாண் மேலே சுருங்கிப் போய்விடும், இழுத்துச் சேர்ப்பதே பெரும்பாடு.

இவை எல்லாம் ஓரிரு நாளில் போகலாம் என்ற ரகம். காத்திருக்கவே கூடாதது ஒன்று உண்டு. பைக் விபத்திலோ உயரத்திலிருந்து விழுந்தோ முட்டி முழுதாக மூட்டிலிருந்து விலகுவது. முட்டிக்குப் பின்னால் காலுக்கான முக்கிய ரத்தக் குழாய் ஓடுகிறது. அது நசுங்கினால் அல்லது கிழிந்தால் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தாக வேண்டும், தாண்டினால் காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். விலகிய முட்டி சம்பவ இடத்திலேயே தானாக உள்ளே போய்விடவும் செய்யும், பார்ப்பவர்களுக்குச் சாதாரண வீக்கமாகத் தெரியும். அதனால் பாதத்தைப் பார்க்க வேண்டும். மற்றக் காலைவிடச் சில்லிட்டிருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, விரல்கள் மரத்திருக்கின்றனவா, பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா? ஒன்று சரியில்லை என்றாலும் உடனே 108. சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, வரம்புக்கு உட்பட்டு, அரசே செலவை ஏற்கிறது, காசு புரட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கியபோது அவருக்கு ஆனது இதுதான், வலது முட்டி விலகியது. ஜவ்வுகளுக்கு அறுவை சிகிச்சை நடந்து, 2024 ஐ.பி.எல்.லில்தான் அவர் திரும்ப ஆட முடிந்தது. அவ்வளவு வசதி இருந்தும் ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது.

இந்த இடத்தில் கட்டு பற்றியும் சொல்ல வேண்டும். யார் போட்ட கட்டாக இருந்தாலும், மூங்கில் பத்தையோ மாவுக்கட்டோ, அதற்குக் கீழே விரல் நீலமானால், மரத்தால், வலி நேரம் ஆக ஆக ஏறினால், விடியட்டும் என்று இருக்காமல் அவிழ்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் உருவிவிடுவதும் சூடு ஒத்தடம் கொடுப்பதும் உள்ளே கசிவை அதிகமாக்கும். துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைக்கலாம், வலி குறையும். அறுந்த ஜவ்வு அதனால் ஒட்டாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கத்தி வைத்துவிடுவார்கள் என்ற பயம்

ஆஸ்பத்திரி போகாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. போனால் ஆபரேஷன் என்பார்கள், லட்சக்கணக்கில் கேட்பார்கள், அப்புறம் விளையாட்டே போச்சு. அக்காவின் மனதில் ஓடியது இதுதான். இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது. தேவையில்லாமல் முட்டியைத் திறந்த கதைகள் நிறைய உண்டு. அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரையிலானவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-ல் வெளியான ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ எதுவும் இல்லை. தலை நரைப்பதுபோல மெனிஸ்கஸும் வயதோடு நைகிறது. அப்படி நைந்த கிழிசலுக்காகச் செய்யும் துளை அறுவை சிகிச்சையை, துளையிட்டு உள்ளே பார்த்துவிட்டு மட்டும் கிழிசலை எதுவும் செய்யாமல் விட்டதோடு ஒப்பிட்டு ஃபின்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2013-ல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் குணமாகியிருந்தார்கள். ஆகவே ஐம்பது வயதுக்காரருக்கு, அடிபடாமல் மெல்ல மெல்ல வந்த முட்டிவலிக்கு, ஸ்கேனில் 'கிழிசல்' என்று எழுதியிருந்தால் பதறி ஓட வேண்டியதில்லை. உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் அங்கே நிறைய செய்யும்.

ஏ.சி.எல். அறுந்த இளைஞர்களுக்குக்கூட எல்லோருக்கும் உடனே கத்தி என்று இல்லை. ஸ்வீடனில் 121 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே அறுவை சிகிச்சையும், மற்றக் குழுவுக்கு முதலில் பயிற்சியும் தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை சிகிச்சையும் கொடுத்தார்கள். 2010-ல் வந்த முடிவில், இரண்டு ஆண்டுக்குப் பிறகு இரு குழுவினரின் முட்டிகளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. ஐந்தாண்டு ஆனபோதும் பயிற்சிக் குழுவில் பாதிப்பேர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை. கபடி மாதிரித் திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுக்குப் போக வேண்டும், முட்டியும் விட்டுவிடுகிறது என்றால் கணக்கு மாறும். இதை அக்காவுக்கு விளக்கிச் சொன்னபோதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. மருத்துவரிடம் காட்டுவது ஒரு முடிவு, அறுவை சிகிச்சை செய்துகொள்வது தனி முடிவு. முதலாவதைச் சீக்கிரம் எடுத்தால் இரண்டாவதை நிதானமாக எடுக்கலாம். விளையாட்டே போய்விடும் என்பவர்களுக்கு வினேஷ் போகாட்டைச் சொல்வேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டியில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியே போனவர், 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கினார்.

அடியே படாத முட்டி

தலைப்பை விட்டு விலகுகிறேன் என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விழாமல், அடிபடாமல் ஒரே முட்டி திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கும், மூட்டு மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். யூரிக் ஆசிட் வாதமும் இதே மாதிரிதான் இருக்கும். ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பத்திலிருந்து பதினாறு வயதுக்குள் ஒரு பையன் முட்டி வலி என்று நொண்டினால், முட்டியில் ஒன்றும் தெரியாவிட்டால், இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பில் எலும்பு முனை நழுவினால் அந்த வலி முட்டியில் தெரியும். வளரும் வயதில் முட்டியை ஒட்டி வாரக்கணக்கில் குறையாத வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கூடிக்கொண்டே வரும் வீக்கம் இருந்தால், "விளையாடும்போது எங்கேயோ இடிச்சுக்கிட்டிருப்பான்" என்று காரணம் தேடி நிற்காமல் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். எலும்பில் வரும் புற்றுநோய் அந்த வயதில் அதிகம் வரும் இடம் முட்டியைச் சுற்றித்தான். மிக அரிது. ஆனால் அதை எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்து நாளைக் கடத்தினால் இழப்பு பெரிது.

அக்கா மகனுக்குப் புது ஜவ்வு வைத்து, மெனிஸ்கஸையும் தைத்திருக்கிறார்கள். தையல் போட முடிந்ததே நல்ல செய்தி என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை முடிந்து 9 மாதம் ஆவதற்கு முன்னால் களத்தில் இறங்கினால் மறுபடி அறுவதற்கு வாய்ப்பு வெகுவாகக் கூடும் என்பதால் அதுவரை பயிற்சி மட்டும்தான். அதுவும் தொடைத் தசை மற்றக் காலின் அளவுக்குத் தேறியிருந்தால்தான்.

இதற்கிடையில் ஊரில் போட்டி நடத்தும் கமிட்டிக்காரர்களிடம் உட்கார்ந்து பேசினேன். களத்தில் ஐஸ் பெட்டி வைப்பது, ராத்திரி ஒரு வண்டி தயாராக நிறுத்துவது, அடிபட்டவனின் இரண்டு முட்டியையும் சேர்த்துப் போனில் ஒரு படம், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவது, மூன்றுக்கும் உடனே ஒத்துக்கொண்டார்கள். போனில் நேரம் தானாகப் பதிவாகிவிடும், மருத்துவரிடம் காட்டினால் போதும். அன்றைக்கே முட்டி வீங்கிய பையனை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அடுத்த போட்டியில் சேர்க்கக் கூடாது என்று கேட்டேன். அதற்கு மட்டும் இன்னும் சரி சொல்லவில்லை. நல்ல ரைடர் இல்லாமல் எப்படி ஆடுவது என்கிறார்கள். தை மாதத்துக்குள் அதையும் பேசி முடிக்க வேண்டும்.